மேசையை வெட்டிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கத்தில், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர்களான தாமஸ் மோர், தாமஸ் குரோம்வெல் இருவரையும் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தேர்தல் செய்திகளுக்கே இடம் போதாத நாளில் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. நன்றியை இத்துடன் நிறுத்திக்கொண்டு குறைக்கு வருகிறேன். வருவாய்த்துறையில் மனு படித்தே தலை நரைத்தவன் நான். நீண்ட முகவுரை எனக்கு ஒத்துவராது.

முதல் குறை சிறியது. படக்குறிப்பில் 'மன்னர் சார்லஸின் தலையை வாங்கிய குரோம்வெல்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ஆலிவர் குரோம்வெல், 1599-இல் பிறந்தவர். ஹோல்பைனோ 1543-லேயே லண்டனில் காலமாகிவிட்டார். படத்தில் இருப்பவர் தாமஸ் குரோம்வெல். அவருடைய சகோதரி வழி வாரிசுகளில் பின்னால் வந்தவர்தான் ஆலிவர். உறவு உண்டு, ஆள் வேறு.

இரண்டாவது குறைக்காகத்தான் இந்தக் கடிதம். குரோம்வெல் படத்தின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு, முகத்தையும் தோளையும் மட்டும் பெரிதாக்கி அச்சிட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் அதே அளவில் தாமஸ் மோரின் முகம். அவர் கையை ஊன்றியிருக்கும் பலகையும் போய்விட்டது. இப்படி இரண்டு முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்கிறார்: மோரின் கண்ணில் தியாகம் தெரிகிறதாம், குரோம்வெல்லின் கண்ணில் வஞ்சகம் தெரிகிறதாம், ஒருவரைப் புனிதராகவும் மற்றவரைக் கொலையாளியாகவும் ஓவியர் அன்றைக்கே அடையாளம் காட்டிவிட்டாராம். ஆவணத்தைக் கிழித்து எறிந்துவிட்டு வாய்மொழிச் சாட்சியை வைத்து வழக்கை முடிப்பது இதுதான்.

இந்த இரண்டு படங்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவும் 70-ஆம் தெருவும் கூடும் முனையில் ஃபிரிக் கலைக்கூடம் இருக்கிறது. புதுப்பிப்புப் பணிகள் முடிந்து 2025 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். நியூஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அவள் அழைத்துக்கொண்டு போனாள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆகவே பேரனும் மருமகனும் எதிரே சென்ட்ரல் பூங்காவில் அணில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவசரப்படுத்த ஆள் இல்லாமல் போனது நல்லதாயிற்று.

மோர் படம் சுமார் 75 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம். ஓக் மரப் பலகையில் எண்ணெய் வண்ணம். அச்சில் பார்த்துவிட்டு நேரில் போய் நிற்பவரை முதலில் திகைக்க வைப்பது முகம் அல்ல, சட்டைக்கை. சிவப்பு வெல்வெட். மடிப்பின் மேட்டில் ஒளி பட்டு மினுக்குகிறது, பள்ளத்தில் ஏறக்குறையக் கறுத்துப் போகிறது. கை நீட்டித் தடவினால் மயிர் சாயும் என்று தோன்றுகிறது. அதற்கு மேலே தோளில் புசுபுசுவென்று பழுப்பு மென்மயிர்க் காலர். பிறகு முகத்துக்கு வந்தால், மழிக்காத தாடி. தாடையில் நரைத்த முள்மயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறார் ஹோல்பைன். அரசாங்கத்தில் இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் படம் எழுத உட்காரும் நாளில் முகம் மழித்துக்கொள்ளவில்லை, அதை ஓவியரும் மறைக்கவில்லை. பின்னால் பச்சைத் திரை, அதைக் கட்டிய சிவப்புக் கயிறு. கையில் மடித்த ஒரு தாள். முழங்கை ஊன்றிய பலகையின் விளிம்பில் ரோமன் எழுத்தில் 1527 என்ற ஆண்டு. நீங்கள் வெட்டியெறிந்தது அந்த ஆண்டைத்தான்.

1527-இல் மோர் தியாகி அல்ல. நாட்டின் தலைமை நீதி அதிகாரியான லார்ட் சான்சலர்கூட அல்ல. அந்தப் பதவி அவருக்கு 1529 அக்டோபரில்தான் வந்தது. படம் எழுதியபோது அவர் லங்காஸ்டர் டச்சியின் சான்சலர். அதாவது மன்னருக்குச் சொந்தமான பெரும் நிலப்பரப்பின் நிர்வாகத்துக்குப் பொறுப்பாளர். கிட்டத்தட்ட எங்கள் இலாகா என்றே சொல்லலாம். மன்னரோடு எந்தப் பகையும் இல்லை. மன்னர் செல்சியில் இருந்த மோர் வீட்டுக்கு வந்து, தோளில் கை போட்டுக்கொண்டு தோட்டத்தில் உலாவியதாக மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார்.

கழுத்தில் கிடக்கும் தங்கச் சங்கிலியைப் பாருங்கள். 'எஸ்' என்ற எழுத்தே கண்ணி கண்ணியாகக் கோத்து வருகிறது, நடுவில் டியூடர் வம்சத்து ரோஜா தொங்குகிறது. இது நகை அல்ல, மன்னரின் பணியாளன் என்பதற்கான அடையாளம். மோரின் நண்பரும், ஹோல்பைனுக்கு இங்கிலாந்தில் வாசல் திறந்துவிட்டவருமான எராஸ்மஸ், 1519-இல் எழுதிய கடிதம் ஒன்றில், மோர் எளிய உடையையே விரும்புகிறவர், தவிர்க்க முடியாத இடங்களில் மட்டுமே தங்கச் சங்கிலி அணிவார் என்கிறார். அந்த வெல்வெட்டுக்கு அடியில், உடலை உறுத்தும் மயிராடையை யாருக்கும் தெரியாமல் மோர் அணிந்திருந்ததையும் ரோப்பர் சொல்கிறார். அது படத்தில் தெரியாது. தெரிவதெல்லாம் சங்கிலியும் வெல்வெட்டும், தூக்கம் போதாத கண்ணும்.

கட்டுரையாளருக்குச் சாதகமாக ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். மன்னர் இப்படித் தோளில் கை போட்டது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று ரோப்பர் வியந்தபோது, "என் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்கும் என்றால், என் தலை போகாமல் இருக்காது" என்றாராம் மோர். படம் எழுதிய காலத்தை ஒட்டிய பேச்சு இது. தலைக்கு வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஓவியருக்குத் தெரியும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி குரோம்வெல்.

இந்தப் படத்தில் ஆள் நமக்குப் பக்கத்தில் இல்லை. நமக்கும் அவருக்கும் நடுவே ஒரு மேசை கிடக்கிறது. மேசைமேல் தாள்கள், இறகுப் பேனா, கத்தரிக்கோல், கொக்கி வைத்துக் கட்டிய ஒரு புத்தகம். அவர் மரப் பெஞ்சில் சாய்ந்து, நம்மைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி. பின்சுவரில் நீலப் பூவேலை. கையில் இறுகப் பிடித்த ஒரு தாள். கழுத்தில் சங்கிலி கிடையாது. அவர் யார், என்ன பதவி என்பதைச் சொல்வது மேசைமேல் கிடக்கும் ஒரு கடிதத்தின் முகவரிதான்: எமது நம்பிக்கைக்கும் பேரன்புக்கும் உரிய ஆலோசகர், எமது நகைச்சாலையின் தலைவர் தாமஸ் குரோம்வெல்லுக்கு, என்று மன்னரின் பெயரால் எழுதியிருக்கிறது.

கலை வரலாற்றாசிரியர்கள் இந்தப் படத்துக்குக் காலம் கணிப்பது இந்த ஒரு வரியைக் கொண்டுதான். நகைச்சாலைத் தலைவர் பதவி அவருக்கு 1532 ஏப்ரலில் கிடைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைவிடப் பெரிய பதவிகள் வந்து சேர்ந்துவிட்டன. ஆகவே படம் 1532 அல்லது 1533. பட்னியில் ஒரு கொல்லனின் மகனாகப் பிறந்தவர், சட்டப் படிப்பும் வெளிநாட்டு அனுபவமும் கொண்டு மன்னரின் முதன்மை அமைச்சராக இருந்த கார்டினல் வுல்சியிடம் வேலைக்குச் சேர்ந்து, வுல்சி விழுந்தபிறகும் தான் விழாமல் தப்பி, இப்போதுதான் ஏணியில் ஏறத் தொடங்கியிருக்கிறார். மோர் 1532 மே மாதமே அரச முத்திரையை மன்னரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்ததற்காக அவர் தலை விழுந்தது 1535 ஜூலை 6. நடக்காத கொலைக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னாலேயே ஓவியர் எப்படி முகத்தில் குற்றப்பத்திரிகை எழுதுவார்?

அந்தப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெகுகாலம் அது படத்துக்காக வைத்த ஏதோ ஒரு புத்தகம் என்றே இருந்தது. 2023-இல் ஹீவர் கோட்டையின் ஆய்வாளர்கள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஒரு பிரார்த்தனை நூலே அது என்று அடையாளம் கண்டார்கள். பாரிஸில் அச்சான லத்தீன் கத்தோலிக்கப் பிரார்த்தனை நூல். பொன்முலாம் பூசிய வெள்ளிக் கட்டுமானமும் கொக்கியும் படத்தோடு பொருந்துகின்றன. மடங்களைக் கலைத்தவர், ரோமாபுரியோடு இங்கிலாந்தின் உறவை அறுத்தவர் என்று நாம் படித்த ஆள், தன் படத்தில் மேசைமேல் வைத்துக்கொண்டது பழைய முறைப் பிரார்த்தனை நூலை! மனிதர் நாம் நினைப்பதைவிடச் சிக்கலானவர். மேசையை வெட்டினால் இந்தச் சிக்கலும் சேர்ந்து வெட்டுப்படுகிறது.

'பன்றியின் கண்போன்ற சிறிய கண்கள்' என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். ஜமாபந்தி நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு எந்த அதிகாரியின் கண்ணையாவது அவர் பார்த்திருக்கிறாரா? காலையிலிருந்து கிராமக் கணக்கைப் புரட்டி, அடுத்த மனுதாரர் பக்கம் முகத்தைத் திருப்பும்போது அப்படித்தான் இருக்கும். கையில் ஒரு தாள், மேசையில் பிரிக்க வேண்டியவை இன்னும் சில, கவனம் முழுவதும் பக்கத்தில் நிற்கிறவர் சொல்லும் விஷயத்தில். அதிகாரத்தின் முகத்தை அவர் வேலை செய்யும் இடத்திலேயே வைத்துக் காட்டியிருக்கிறார் ஹோல்பைன். அதை அவமதிப்பு என்று படிப்பவர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

அவமதிப்பு என்ற வாதத்துக்கு வயிற்றுப் பிழைப்பே பதில். ஹோல்பைன் 1526-இல் முதலில் இங்கிலாந்து வந்தபோது ஆதரித்தவர் மோர். சுவிட்சர்லாந்தில் இருக்கும் பாசல் நகரத்துக்குத் திரும்பிப் போய், 1532-இல் மறுபடி லண்டன் வந்தபோது மோர் பதவியில் இல்லை. வயிறு பிழைக்க அங்கே தங்கியிருந்த ஜெர்மானிய வணிகர்களை வரைந்தார். பிறகு குரோம்வெல்லை வரைந்தார். சில ஆண்டுகளில் மன்னரின் ஓவியரே ஆகிவிட்டார். ஏறிவரும் அமைச்சரை, அவரே பணம் கொடுத்து எழுதச் சொன்ன படத்தில் இழிவாகக் காட்டிவிட்டு எந்த ஓவியர் அரண்மனைக்குள் போவார்? குரோம்வெல் தரப்பில் யாரும் கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. இதே படத்துக்குப் பிரதிகள் எழுதியிருக்கிறார்கள், அவற்றில் ஒன்று லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது.

பிறகு ஏன் எல்லோருக்கும் இந்த இருவரும் ஒருவரையொருவர் முறைப்பதுபோலத் தோன்றுகிறது? ஹோல்பைன் இவற்றை இணைப் படங்களாக எழுதவில்லை. ஐந்தாறு ஆண்டு இடைவெளி, வேறு வேறு அளவு, வேறு வேறு வீடு. ஹென்றி கிளே ஃபிரிக் என்ற பிட்ஸ்பர்க் கரி, எஃகு முதலாளி, 1912-இல் மோரையும் 1915-இல் குரோம்வெல்லையும் வாங்கினார். தன் வீட்டுக் கூடத்தில் கணப்படுப்புக்கு இடப்பக்கம் மோர், வலப்பக்கம் குரோம்வெல், நடுவில் மேலே எல் கிரெக்கோவின் புனித ஜெரோம். ஒருவர் வலப்பக்கம் பார்க்கிறார், மற்றவர் இடப்பக்கம் பார்க்கிறார். நடுவில் அடுப்பு. நாடகம் தானாகக் கூடிவிட்டது. தன் கூட்டாளி ஆண்ட்ரூ கார்னெகியோடு கசந்து பிரிந்த மனிதர் ஃபிரிக். பகைவர்களை எதிரெதிரே உட்கார வைப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்திருக்கலாம் என்பது என் சொந்தக் குசும்பு. அந்தக் கூடத்தில் நின்றால் எனக்கும் முதுகுத்தண்டு சிலிர்க்கத்தான் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலிர்ப்பு ஃபிரிக் வீட்டுச் சுவர் தந்தது, ஹோல்பைனின் தூரிகை தந்தது அல்ல.

இரண்டில் எது சிறந்த ஓவியம் என்று கேட்டால் தயங்காமல் மோர் என்பேன். அந்த நெருக்கம் குரோம்வெல் படத்தில் இல்லை. அதற்கும் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மோர் குடும்பத்தோடு ஹோல்பைன் பழகினார். அவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு பெரிய குடும்பப் படமே எழுதினார். அது 1752-இல் தீவிபத்தில் அழிந்துவிட்டது, அதற்கான கோட்டுச் சித்திரம் பாசலில் இருக்கிறது. மோரின் முகத்தை மட்டும் தாளில் வரைந்த படங்கள் விண்ட்சரில் அரச சேகரிப்பில் உள்ளன. அவற்றில் ஒன்றில் கோடு நெடுக ஊசித் துளைகள். தாளைப் பலகைமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் துளை வழியே இறங்கிக் கோடு விழும். அந்த முகத்தில் அவர் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். நிறைய நேரம் உட்கார்ந்து கொடுத்த நண்பரின் படம் ஒன்று, வேலைக்கு நடுவே உட்கார்ந்த அமைச்சரின் படம் இன்னொன்று. பின்னது என் ஊகம்தான்.

வரலாற்றில் இருவரின் கணக்கும் கட்டுரை காட்டியதுபோல ஒரு பக்கம் வரவாகவும் மறுபக்கம் செலவாகவும் இல்லை. மோர் சான்சலராக இருந்த காலத்தில் மதநிந்தனைக் குற்றம் சாட்டி ஆறு பேரை உயிரோடு எரித்தார்கள். அவர் அதற்கு எதிராக நிற்கவில்லை. அது சரி என்றே எழுதினார். அதே மோர் சான்சலர் நீதிமன்றத்தில் நிலுவை வழக்கே இல்லாமல் தீர்த்தவர் என்றும் சொல்வார்கள். நிலுவைப் பட்டியலோடு வாழ்ந்தவன் என்ற முறையில் அதற்காகவே அவரை நான் கும்பிடுவேன். 1935-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது, 2000-இல் அரசியல்வாதிகளின் பாதுகாவலராகவும் ஆக்கியது. அந்தப் பிரிவுக்கு அதுவரை ஒருவரும் இல்லாமல் இருந்ததுதான் வியப்பு.

குரோம்வெல் பக்கம் கறை அதிகம், அதை நான் துடைக்க வரவில்லை. மன்னருக்கு எதிராகப் பேசுவதையே ராஜத்துரோகமாக்கிய 1534-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கைவேலை. சிறையில் மோரை விசாரித்தவர்களில் அவரும் ஒருவர். விசாரணையே இல்லாமல் நாடாளுமன்றத் தீர்மானத்தால் ஆளைத் தீர்க்கும் வழியை மற்றவர்கள்மேல் பயன்படுத்தியவர், கடைசியில் அதே வழியில் போனார். 1540 ஜூன் மாதம் ஆலோசனைக் குழுக் கூட்டத்திலேயே கைது செய்து, கழுத்தில் இருந்த விருதுச் சின்னத்தைப் பிடுங்கினார்கள். சிறையிலிருந்து மன்னருக்கு எழுதிய கடிதத்தை இரக்கம், இரக்கம், இரக்கம் என்று மூன்று முறை எழுதி முடித்தார். ஜூலை 28 அன்று தலை போயிற்று. மன்னர் அதே நாளில் கேதரின் ஹோவர்டை மணந்துகொண்டார்.

ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை என் இலாகாக்காரர்கள் மறக்கக் கூடாது. 1538-இல் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் பேரேட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டவர் அவர். பேரேட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும், சாவி வேறு வேறு ஆளிடம் இருக்க வேண்டும் என்றும் விதித்தார். புது வரி போடத்தான் தலை எண்ணுகிறார்கள் என்று மக்கள் முணுமுணுத்தார்கள். எந்த ஊரில் எந்தக் கணக்கெடுப்புக்குப் போனாலும் இதே பேச்சுதான், அதை நானும் காது குளிரக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு சாதாரணக் குடும்பம் தன் மூதாதையரைப் பதினாறாம் நூற்றாண்டு வரை தேடிப் பிடிக்க முடிகிறது என்றால், அதற்கு மூலம் அந்தப் பேரேடு. மேசையும் தாளும் பேனாவுமாக ஹோல்பைன் அவரை எழுதியதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

வரும் வாரம் வெனிஸ் குடியரசின் தலைவர் லியோனார்டோ லொரெடானை ஜியோவானி பெல்லினி வரைந்த படத்தைப் பற்றிக் கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தின் அடியில் ஒரு கைப்பிடிச் சுவர் ஓடுகிறது. அதில் ஒட்டிய சிறு தாளில்தான் பெல்லினி தன் பெயரை எழுதியிருக்கிறார். பக்கம் வடிவமைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். இடம் போதாது என்றால் படத்தைச் சின்னதாகப் போடட்டும், முழுதாகப் போடட்டும். படக்குறிப்பில் ஆண்டும் அளவும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்,
மன்னார்குடி.